வடிகால் துளையை அடைக்காதீர்கள்

சென்ற மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். படிக்கிறவர்களில் அந்த ஊர்க்காரர்கள் இருக்கலாம், யார் மனமும் நோக வேண்டாம். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா. ஊஞ்சல், சறுக்குமரம், ஒரு செயற்கை நீரூற்று (ஓடாது), நடுவில் சிமெண்ட் மேடை மேல் ஒரு போர் விமானம். பார்த்ததும் பேரன், "தாத்தா, நீ ஓட்டின பிளேன்!" என்று கத்தினான். நான் ஓட்டியதில்லை, பழுது பார்த்தவன்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் அவன் வகுப்பில் என்னைப் பைலட் ஆக்கிவிட்டான். இனி மாற்ற முடியாது.

ஆனால் விமானத்தைச் சரியாகத்தான் சொன்னான். அது நேட். நான் 1969-ல் விமானப்படையில் சேர்ந்து, பயிற்சி முடிந்து, ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக முதலில் தொட்ட விமானம். எழுபதுகளின் பெரும்பகுதியை அதன் வயிற்றுக்குக் கீழேதான் கழித்தேன். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த அப்பாவே, ஹேங்கரில் என் கால்களைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார்.

நேட் என்றால் ஒருவகைச் சிறு பூச்சி. பெயருக்கேற்ற உருவம். நீளம் 9 மீட்டருக்கும் குறைவு, இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 7 மீட்டருக்கும் குறைவு. பெரும்பாலான வேலையைத் தரையில் நின்றபடியே முடித்துவிடலாம். பெரிய, சிக்கலான, விலை கூடிய விமானங்களைச் செய்துகொண்டிருந்த காலத்தில், சின்னதாக ஒன்று போதும் என்று டெடி பெட்டர் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் பிடிவாதமாகச் செய்தது. 1955-ல் முதலில் பறந்தது. அவருடைய சொந்த நாடே அதைச் சண்டை விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சி விமானமாக மாற்றித்தான் வாங்கியது. ஃபின்லாந்து பதின்மூன்று வாங்கியது. யூகோஸ்லாவியா இரண்டு வாங்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. நாம்தான் உரிமம் வாங்கி, பெங்களூர் எச்.ஏ.எல்.-இல் நூற்றுக்கணக்கில் செய்து பறக்கவிட்டோம். ஆகவே நேட்டை நினைவில் வைத்திருக்க வேண்டிய நாடு ஒன்று உண்டென்றால் அது நம் நாடுதான்.

பூங்காவுக்கு வருவோம். தூரத்திலிருந்து பார்க்க விமானம் பளபளவென்று இருந்தது. சந்தோஷமாகத்தான் கிட்டே போனேன். பழக்க தோஷம், முதலில் குனிந்து அடிவயிற்றைப் பார்த்தேன். துளைகளைக் காணோம்.

விமானம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எந்த விமானத்திலும் உடம்பின் தாழ்ந்த இடங்களில் சிறுசிறு துளைகள் விட்டிருப்பார்கள். தகட்டு இணைப்புகள் வழியாக உள்ளே இறங்கும் மழைநீரும், இரவில் வேர்க்கும் ஈரமும் அந்த வழியாக வடிந்துபோக வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரம், எங்கள் பஞ்சாபி சார்ஜென்ட் என் கையைப் பிடித்து விரல் நுனியை அந்தத் துளைகள் ஒவ்வொன்றிலும் வைத்து அழுத்திக் காட்டினார். "நம் முதல் எதிரி யார்?" என்று கேட்டார். 1971 போர் முடிந்த சமயம், நான் உடனே பக்கத்து நாட்டின் பெயரைச் சொன்னேன். "இல்லை மதராஸி, பானி" என்றார். தண்ணீர்.

பூங்கா விமானத்தின் துளைகள் எல்லாம் வழவழவென்று மூடியிருந்தன. காவலாளி வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார்.

"ஐயா, மேல ஏறக் கூடாதுங்க."

"ஏறலப்பா, அடியில பாக்குறேன். இதுல ஓட்டைங்க இருக்கணுமே?"

"போன வருசம் புதுப் பெயிண்ட் அடிச்சாங்கய்யா. ஓட்டை ஒடசல் எல்லாம் பட்டி பாத்து அடைச்சு நல்லா நைசா பண்ணிட்டாங்க."

சாவிக்கொத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் எப்போதும் வைத்திருப்பேன். செய்தது தப்புதான், பொதுச் சொத்து. இருந்தாலும் துளை எங்கே இருக்கும் என்று கை தேடிக் கண்டுபிடித்து, குத்தித் திருகிவிட்டது. பட்டி பெயர்ந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர். தேநீர் நிறத்தில், நாற்றத்தோடு, ஒரு வாளி அளவுக்கு மேடையில் கொட்டியது. காவலாளி பதறிப் போய், "ஐயோ, பெட்ரோலுங்களா?" என்று பேரனை இழுத்துக்கொண்டு நாலடி பின்னால் போனார். பெட்ரோல் இல்லை, போன மழைக்காலத்துத் தண்ணீர் என்றேன்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் நினைக்கிறோம். வீட்டுக் குண்டான் வேறு, விமானத் தகடு வேறு. விமானத் தகட்டில் வலுவுக்காகச் செம்பு கலந்திருக்கும். அந்தச் செம்பே ஈரம் பட்டால் அரிப்புக்கு வழி செய்யும். தகட்டுக்குள் இரும்பு போல்ட் இருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால், இரண்டு உலோகமும் சேர்ந்து சின்ன பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். முதலில் வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு தகடு பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். வெளியே புதுப் பெயிண்ட் மினுங்கிக்கொண்டே இருக்கும். ஒருநாள் சக்கரக் கால் மட்டும் மேடையில் நிற்கும், உடம்பு கீழே இருக்கும்.

அதாவது, அந்த விமானத்தைக் கெடுத்தது அலட்சியம் இல்லை, அக்கறை. யாரோ ஒரு நல்ல மனிதர் நிதி ஒதுக்கி, யாரோ ஒரு நல்ல பெயிண்டர் ஓட்டை இல்லாமல் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார். கேட்க ஓர் ஆள் இல்லை என்பதுதான் குறை. அந்த ஊரிலேயே விமானப்படையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். வங்கியில், தபால் ஆபீஸில் இரண்டாவது ஓய்வும் பெற்று, என்னைப் போலப் பேரனைக் கூட்டிக்கொண்டு அதே பூங்காவில் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரை யாரும் கூப்பிடவில்லை.

நாம் பழையதைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் என்று வழக்கமான பாட்டைப் பாடுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பாட்டு உண்மையும் இல்லை. லிபரேட்டர் கதையைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 18,000-க்கும் மேல் செய்து தள்ளிய பெரிய குண்டுவீச்சு விமானம் அது. போர் முடிந்ததும் கான்பூரில் ஏராளமான லிபரேட்டர்களை விட்டுவிட்டுப் போனார்கள். சும்மா விடவில்லை, இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்று அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். சுதந்திரம் வந்த கையோடு எச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒப்பேற்றி, கான்பூரிலிருந்து பெங்களூருக்குப் பறந்தே கொண்டு வந்து, முழுசாகச் சீர்செய்து விமானப்படைக்குக் கொடுத்தார்கள். இப்படி உயிர் பெற்றவை நாற்பதுக்கும் மேல். 1968 வரை நம்மிடம் பறந்தன. அதற்குள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தங்கள் லிபரேட்டர்களை உருக்கிப் பாத்திரம் ஆக்கிவிட்டிருந்தார்கள். இன்று இங்கிலாந்தின் விமானப்படை அருங்காட்சியகத்திலும், கனடாவில் ஆட்டவாவிலும், அமெரிக்காவில் அரிசோனாவிலும் நிற்கும் லிபரேட்டர்கள் நம்மிடமிருந்து போனவை. ஒன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே பாலத்தில் வபிட்டி என்ற இரட்டை இறக்கை விமானமும் இருக்கிறது. 1933-ல் நம் விமானப்படை கராச்சியில் நான்கே நான்கு விமானங்களோடு தொடங்கியதே, அந்த ரகம். உலகத்திலேயே எஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

ஆகவே நமக்குத் தெரியும். தெரிந்தவர் கையில் பொருள் இருந்தால் நாம் உலகத்துக்கே காப்பாற்றிக் கொடுப்போம். அந்தக் கை எட்டாத இடங்களுக்கு விமானங்களை அனுப்பிவிட்டு மறந்துபோவதில்தான் சிக்கல்.

ஒரு விமானம் ஓய்வு பெற்றதும் கல்லூரி கேட்கிறது, பூங்கா கேட்கிறது, ஊர்முனை ரவுண்டானா கேட்கிறது. 2025 செப்டம்பரில் சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963-ல் வந்தவை, மொத்தம் 800-க்கும் மேல் நம் படையில் இருந்தவை. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது. கூடவே, இனி இவை எந்தெந்த மேடைகளில் ஏறி வெயிலில் நிற்கப் போகின்றனவோ என்ற கவலையும் வந்தது. நம் வெயில் ஒரு ஐந்து வருடத்தில் விமானியின் கண்ணாடிக் கூண்டை மோர் மாதிரி வெளுக்க வைத்துவிடும். ரப்பர் எல்லாம் வெடிக்கும். டயர் தட்டையாகி எடை முழுவதும் விளிம்பில் இறங்கும். காற்று உள்ளே போகும் வாயில் மைனா கூடு கட்டும். பறவை எச்சமும் தகட்டை அரிக்கும்.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இதைக் கேட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தார். "ஓய், அது ஆளைக் கொல்கிற சாமான். அதை ஏன் காப்பாற்ற வேண்டும்? கோயில் சுவர்ச் சித்திரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறான், அதை முதலில் கேளும்" என்றார். நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

கும்பிடுவதற்காகக் காப்பாற்றச் சொல்லவில்லை. பொய் சொல்லாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பூங்கா மேடையில் ஒரு பலகை இருக்கிறது. 'சேபர் ஸ்லேயர்', அதாவது சேபர் விமானங்களைக் கொன்றது என்று எழுதி, 1965, 1971 என்று ஆண்டுகள் போட்டிருக்கிறது. எழுதியது அத்தனையும் உண்மை. 1971 நவம்பர் 22 அன்று போய்ரா வானில் நம் நான்கு நேட்கள் சேபர்களோடு மோதிய கதையை எங்கள் ஸ்குவாட்ரனில் சாப்பாட்டு மேசையில் தினமும் சொல்வார்கள். அதே ஆண்டு டிசம்பர் 14-ல் ஸ்ரீநகரைக் காக்க நேட்டில் எழும்பி உயிர் விட்ட நிர்மல்ஜித் சிங் சேகோன்தான் விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே ஒருவர். இதெல்லாம் பலகையில் இருக்க வேண்டியதுதான்.

ஆனால் நேட் சண்டையில் மட்டும் ஆளைக் கொல்லவில்லை. அதன் கட்டுப்பாட்டு அமைப்பு சிக்கலானது, அடிக்கடி தொல்லை கொடுக்கும். சமாதான காலத்துப் பயிற்சியிலும் நம் பிள்ளைகளை அது பலி வாங்கியிருக்கிறது. ஒரு குளிர்காலக் காலை, நான் பார்த்து, துளைகளில் விரல் வைத்து, ஃபாரம் 700-ல் கையெழுத்துப் போட்ட ஒரு விமானம் திரும்பி வரவில்லை. விமானிக்கு என்னைவிட ஒரு வயது கூட இருக்கும். ஏறுவதற்கு முன் மூக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "சலோ மதராஸி, பதினோரு மணிக்கு சாய்" என்பார். அன்றும் சொன்னார். விசாரணை நடந்தது. என் பதிவேட்டைப் புரட்டினார்கள், என்னைக் கேட்டார்கள். பராமரிப்பில் குறை இல்லை என்று முடிவாயிற்று. அந்தக் காகிதம் எனக்கு வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது. தூக்கத்தைக் கொடுக்க வெகுநாள் ஆயிற்று. அந்த விமானத்தின் எண் ஐம்பது வருடம் கழித்தும் நினைவிருக்கிறது. இங்கே எழுதப்போவதில்லை.

பூங்கா விமானத்தைத் தடவிக்கொண்டு நின்றபோது எனக்குச் சேபரும் ஞாபகம் வரவில்லை, வெற்றியும் ஞாபகம் வரவில்லை. அந்த சாய்தான் ஞாபகம் வந்தது. பலகையில் அதற்கு ஒரு வரி இல்லை. விமானம் நிஜமாக, அதன் ஒவ்வொரு தகடோடும் நின்றால்தான், "இவ்வளவு சின்னதிலா ஒரு மனுஷன் உட்கார்ந்து போனான்?" என்று ஒரு பையன் கேட்பான். பேரன் அதைத்தான் கேட்டான். படத்தில் பார்த்தால் அந்தக் கேள்வி வராது. தலைமையாசிரியருக்கு இதைச் சொன்னேன். "சரி, சுண்ணாம்பு விஷயத்தையும் ஒருநாள் எழுதும்" என்று விட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொன்னேன். 1965 போரில் பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிப் பிடிபட்ட நம் நேட் ஒன்று கராச்சியில் அவர்கள் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதிராளி நம் விமானத்தை அறுபது வருடமாக வைத்திருக்கிறான். அவனுக்கு அது வெற்றிச் சின்னம், அதனால் வைத்திருக்கிறான். நமக்கு அது பிழைப்பு, இளமை, துக்கம் எல்லாம். நாம் இன்னும் நன்றாக வைத்திருக்க வேண்டாமா?

பறக்கும் நிலையிலேயே வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது. 1947 அக்டோபரில் ஸ்ரீநகருக்குப் படைகளை ஏற்றிச் சென்ற டகோட்டா ரகத்தில் ஒன்றை அயர்லாந்தில் பழைய இரும்பாகக் கிடந்த இடத்திலிருந்து மீட்டு, சீராக்கி, 2018-ல் நம் விமானப்படைக்குக் கொடுத்தார்கள். அன்று ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் வி.பி. 905 என்ற எண்ணையே இதற்கும் போட்டிருக்கிறார்கள். அது இங்கிலாந்திலிருந்து பறந்தே வந்தது. ஆனால் அமெரிக்காவில் 2019 அக்டோபரில் ஒரு பழைய பி-17 விழுந்து ஏழு பேர் போனார்கள். 2022 நவம்பரில் டல்லாஸ் கண்காட்சியில் இரண்டு பழைய விமானங்கள் வானில் மோதி ஆறு பேர் போனார்கள். நினைவைக் காப்பாற்றப் போய் உயிரை விடக் கூடாது. ஒன்றிரண்டை, தகுந்த ஆட்கள் கையில், பறக்கவிடலாம். மற்றவை நிழலில் நிற்கட்டும்.

நிழல் என்றதும் பெரிய கட்டடம் வேண்டாம். கல்யாண மண்டபத்துக்கு வெளியே போடுகிறோமே தகரக் கொட்டகை, அது போதும். பாதி வெயில், பாதி மழை குறைந்துவிடும். விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் டி.யு.-142 விமானத்தை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அது நம் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறந்த ரகம். 2017-ல் ஓய்வு பெற்றது, அதே வருடக் கடைசியில் அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். எதிரே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். டிக்கெட் வாங்கிக்கொண்டு மக்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். பராமரிக்க ஒரு பொறுப்பாளி, வருமானத்துக்கு ஒரு வழி, இரண்டும் இருக்கிறது. இது இல்லாத இடத்துக்கு விமானம் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. நூறு இடத்தில் நூறு பாழடைந்த விமானம் நிற்பதைவிடப் பத்து இடத்தில் ஒழுங்காக நிற்பது மேல்.

ஏற்கெனவே மேடையில் நிற்பவற்றுக்கு மூன்று காரியம் செய்தால் போதும். ஒன்று, வருடம் ஒருமுறை, மழைக்கு முன், அந்த மாவட்டத்திலேயே இருக்கும் முன்னாள் விமானப்படைத் தொழில்நுட்ப ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். காசு கேட்க மாட்டார்கள். ஒரு காபி கொடுத்தால் இரண்டு மணி நேரம் பேசிவிட்டும் போவார்கள். இரண்டு, பலகையில் அந்த விமானத்தின் எண், எந்த வருடம் செய்தது, எங்கெல்லாம் இருந்தது என்று எழுதுங்கள். இழப்புகளையும் எழுதுங்கள். மூன்று, அதில் வேலை பார்த்தவர்கள் பேசுவதை ஒரு செல்போனில் பதிவு செய்து வையுங்கள். விமானிகள் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். ஃபிட்டர்கள் எழுதவில்லை. நேட்டில் வேலை பார்த்தவர்களில் ஆகச் சின்னவனுக்கே எழுபது நெருங்கிவிட்டது.

பூங்காவுக்கு மறுநாளும் போனேன். பொறுப்பான அலுவலகத்தில் ஒரு கடிதமும் கொடுத்தேன், துளைகள் இருக்கும் இடங்களை வரைந்து காட்டி. வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அடுத்த பெயிண்ட் எப்போது என்று தெரியவில்லை. ஆனால் காவலாளிக்கு ஒவ்வொரு துளையையும் விரல் வைத்துக் காட்டிவிட்டு வந்தேன், என் சார்ஜென்ட் எனக்குக் காட்டியது போலவே. மொத்தம் ஆறு கிடைத்தன. மழை பெய்த மறுநாள் ஒரு குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் இங்கே நல்ல மழை. மகளிடம் கேட்டேன், அங்கேயும்தானாம். பேரன் போன் பண்ணினான். பள்ளிவிட்டு வரும்போது பூங்காவுக்குப் போனானாம், அவனும் காவலாளித் தாத்தாவும் சேர்ந்து குச்சியால் குத்திப் பார்த்தார்களாம்.

"கொஞ்சமாத்தான் தாத்தா வந்துச்சு. ஒரு டம்ளர் இருக்கும்."

"நல்ல சேதிடா" என்றேன்.

உங்கள் ஊர் மேடையில் ஒரு விமானம் நின்றால், ஒருநாள் போய்க் குனிந்து அடியில் பாருங்கள்.